ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

31-10-68, வியாழன்

காலையிலிருந்து மழை. தாம்பரம் முழுக்கச் சேறு. குடை மறுபடியும் பள்ளிக்கூடத்தில்.

நான், ஜே., குழந்தை ஷீலா மூவரும் குரோம்பேட்டை டாக்டரிடம் போனோம். ஜாம்பியாவுக்குக் கப்பல் ஏற இன்னும் மூன்று வாரம். எங்கள் இருவருக்கும் அங்கே வாத்தியார் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொசுவை யார் நினைத்தார்கள்? மலேரியா அதிகமாம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், குளோரோகுயின். இப்போதே ஆரம்பித்து, ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம். ஷீலாவுக்கு நாலு வயது, அதனால் பாதி மாத்திரை. ராத்திரி கொசுவலை, சாயங்காலம் முழுக்கை.

"குழந்தை மாத்திரை முழுங்கலைன்னா கூட்டிட்டுப் போகாதீங்க மேடம்," என்றார் டாக்டர். அதெல்லாம் முழுங்கிவிடுவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு.

வாங்க: மாத்திரை, வலைத்துணி, ஜே.க்கு முழுக்கைச் சட்டை 2, டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு.

3-11-68, ஞாயிறு

கோயில் நாள் என்றால் மறக்காது, ஞாயிறே இருக்கட்டும் என்றது ஜே. என் வீட்டுக்காரருக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. இன்று திருவிருந்து ஆராதனை. பீடத்தருகே நற்கருணை அப்பமும் திராட்சரசமும் வாங்கும்வரை நாங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டாம் பாட்டிலேயே எனக்குக் குமட்டல். பிரசங்கத்தின் நடுவே ஜே. எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்கு ஓட்டம். போதகர் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து டாக்டர் சீட்டைப் பார்த்தால், 'சாப்பாட்டுக்குப் பின்'. இரண்டு பட்டதாரிகள்.

ஷீலா: வாழைப்பழத்துக்குள் வைத்தேன். பழம் உள்ளே, மாத்திரை வெளியே. வெல்லம், அதே கதை. கோயிலில் வேறு, பீடத்தருகே எங்களோடு முழங்கால் போட்டுக் கையில் அப்பம் வாங்க வேண்டும் என்று அழுகை. பெரியவர்களுக்கு மட்டும்தான் என்றேன். அதற்கு இன்னும் பெரிய அழுகை.

6-11-68, புதன்

வெயில். துணி காய்ந்தது. சிட்லபாக்கத்திலிருந்து ஜே.யின் அக்கா, எனக்கு அண்ணி, ஒரு டப்பா முறுக்கோடு. வேப்பமரக் கதை அங்கேயும் போய்விட்டது.

"ஷீலா எங்கிட்டயே இருக்கட்டும். மூணு வருஷம் தானே, நான் பாத்துக்கறேன்," என்றார் அண்ணி. நல்ல மனுஷி. நிஜமான பாசம். அதனால்தான் மறுப்பது கஷ்டம்.

ஜே. முடிவு செய்தாயிற்று: ஞாயிற்றுக்கிழமை மாத்திரை உள்ளே போனால் அவளும் கப்பலில். இல்லையென்றால் சிட்லபாக்கம். திங்கட்கிழமை கப்பல் டிக்கெட் ஏஜெண்டுக்குச் சொல்லியாக வேண்டும்.

அவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. காய்ச்சலில் போட்டுப் பார்க்கவும் முடியாது. முறுக்கு நன்றாக இருந்தது. மீதியை மூடி வைத்தேன்.

8-11-68, வெள்ளி

மார்க்கெட் தையல்காரரிடம் வலைத்துணி கொடுத்தேன்.

"ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா? அளவு சொல்லாம நா இன்னாத்த வெட்றது மேடம்?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். கொசுவலைக்குக்கூட நாள் நட்சத்திரம் பார்க்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் முணுமுணுத்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

10-11-68, ஞாயிறு

தூறல். ஆட்டுக்கறிக் குழம்பு, உப்பு கொஞ்சம் தூக்கல். அண்ணியும் சாப்பிட வந்திருந்தார். நாங்கள் இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டோம். பாதி மாத்திரையோடு ஷீலாவைத் தேடினால் நாற்காலியில் இல்லை.

தரையில், என் எதிரே, முழங்கால் போட்டிருந்தாள். இடது கைமேல் வலது கை, உள்ளங்கை குவித்து, கண் மூடி. கோயிலில் நாங்கள் வாங்குவதை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறாள். பாதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டாள். முகம் பாகற்காயாகச் சுருங்கியது. துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"ஆமென்," என்றாள்.

இது தப்பில்லையா என்று ஜே. ஆரம்பித்தார். அண்ணி கையைக் காட்டி அடக்கினார்.

"திராட்சரசம் எங்க?" என்றாள் ஷீலா.

அண்ணிதான் அடுப்படிக்குப் போனார். வெள்ளி டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். ஷீலா குடிக்கும்வரை தானே பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதையும் பெட்டியில வை. வாராவாரம் கேப்பா."

நாளை: ஏஜெண்டு. சர்க்கரை அரை கிலோ. தையல்காரரிடம், மூன்று பேருக்கு.