கல்யாணமாகாத என் மனைவிக்கு

மெக்சிகோ நகரம்
3 பிப்ரவரி 1952

என் கிட்டார்க்காரன் எவேலியோவுக்கு,

படம் முடிந்துவிட்டது. மூன்று பாட்டு, நான்கு அழுகை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி மேடையில் அழுது பழகியவள் அல்லவா நான்? இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு, "தாயே, கேமரா பக்கத்துலதான் இருக்கு, மெதுவா அழுங்க" என்றார்.

ஒரு விஷயம், கோபப்படாதே. கம்பெனிக்காரர்கள் நான் கல்யாணமாகாதவள் என்று பத்திரிகைகளில் போட்டுவிட்டார்கள். குடும்பம் இருந்தால் டிக்கெட் விற்காதாம். அடுத்த படத்துக்குக் கையெழுத்தாகும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாதாம். பொறுத்துக்கொள்வாயா? நம் மகள் மரிசெலுக்கு என் முத்தம்.

உன் ஓதிலா

சியென்ஃபுவேகோஸ், கியூபா
17 பிப்ரவரி

கல்யாணமாகாத என் மனைவிக்கு,

முதலில் சிரித்தேன், அப்புறம் எரிச்சல் வந்தது, மறைப்பானேன்? முடிதிருத்துகிற நிக்கானோர் பத்திரிகையை நீட்டி, "பொண்ணு சும்மாத்தான் இருக்காளாம், உனக்குக் கேட்டுப் பாக்கவா?" என்கிறான். போகட்டும். பன்னிரண்டு வருடம் ஊர் ஊராகக் கொட்டகைகளில் தொண்டை வற்றப் பாடியவள் நீ. உன் முகம் திரையில் வரட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். மகள் பீன்ஸைத் தொடமாட்டேன் என்கிறாள். அப்படியே உன் பிடிவாதம்.

உன் எவேலியோ

ஹவானா
11 மே, அன்னையர் தினம்

ஓதிலா,

நம் ஊருக்குப் படம் வரும்வரை மரிசெல் பொறுக்கவில்லை. பஸ்ஸில் இங்கே கூட்டிவந்தேன். வாசலில் பூ விற்றவளிடம், "எங்கம்மா உயிரோட இருக்காங்க, எனக்குச் சிவப்புப் பூதான்" என்று தானே கேட்டு வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டில் உன் முகம் பெரிதாக வந்ததும் நாற்காலிமேல் ஏறி, "அம்மா, நான் இங்க இருக்கேன்" என்று கத்தினாள். கொட்டகையே திரும்பியது. முன்வரிசையில் பத்திரிகைக்காரன் மாதிரி ஒருவன், கையில் குறிப்பேடு. நான் பதறிப்போய், "தாயில்லாப் புள்ளைங்க, யாரைப் பாத்தாலும் அப்படித்தான் கூப்பிடும்" என்றேன்.

பக்கத்து இருக்கை அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, தாயை இழந்தவங்க வெள்ளைதானே குத்தணும்" என்று சிவப்பை எடுத்துவிட்டு, தன் வெள்ளைப் பூவைக் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வெளியே வந்ததும், "அம்மா செத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை.

ஊருக்கெல்லாம் பொய் சொல்வேன், இவளிடம் இனி முடியாது. நீ நன்றாகத்தான் பாடியிருக்கிறாய்.

எவேலியோ

மெக்சிகோ நகரம்
20 மே

மகள் மரிசெலுக்கு (அப்பா உரக்கப் படித்துக் காட்டட்டும்),

நான் சாகவில்லையடி, தங்கமே. அப்பாமேல் கோபப்படாதே. அந்தப் பொய் என்னுடையது, அவரைச் சொல்லவைத்தவள் நான்.

சனிக்கிழமை வானொலியில் பாடுவதற்கு முன்னால், எனக்குக் கணவர் இருக்கிறார், ஐந்து வயதில் மகள் இருக்கிறாள், அவள் பெயர் மரிசெல் என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் அடுத்த படத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆசைப்பட்ட வேஷம், ஒருநாள் முழுக்க அழுதேன். ஹவானாவில் ஒரு நாடகக் குழு கூப்பிடுகிறது. அங்கே பாடுவேன்.

முப்பத்தொன்றாம் தேதி என் கப்பல் ஹவானாவுக்கு வந்து சேரும். துறைமுகத்தில் பத்திரிகைக்காரர்கள் இருந்தாலும் இருப்பார்கள். என்னைக் கண்டதும் கூப்பிடு, கண்ணு. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கூப்பிடு.

உன் அம்மா