இடது கைக்கு மட்டும் தாமதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என் கையில் போனை விட்டுவைக்காத என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் இரண்டு மாதம். இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். வரிக்கு ஒரு தடவை, "என்னல இது, இந்தில சொல்லு" என்பாய். மெதுவாகவே வாசி. நான் சொல்லப்போவதை யாரும் வேகமாக வாசிக்க வேண்டாம்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் லேபர் கேம்பில் வீடுகளைக் கணக்கெடுக்கச் சர்வேக்காரர்கள் வந்தார்கள். கதவில் பெயிண்டால் ஒரு எண் எழுதினார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அம்மா உன்னையும் சேர்த்து மூன்று என்றாள். நான் திருத்தவில்லை.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு ரேவதி குழாயடியிலிருந்து தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா வாசலிலிருந்து ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"இடது கையில தூக்காத பிள்ள. எம்மவ அப்படித்தான் போனா."

"பெரியம்மா, இது பத்து லிட்டர்தான்."

"பத்தோ இருவதோ. நான்தான அவள தூக்கச் சொன்னேன். படுத்திருந்தவள எழுப்பி நான்தான அனுப்புனேன்."

அம்மா அதைத்தான் இன்னமும் நம்புகிறாள். அன்று காலை கேன் உன் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டு வாரத்தில் ஸ்கேன். தலைக்குள் கட்டி. கேனுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே கிடையாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அம்மா கேட்கவில்லை. இப்போது வீட்டுத் தண்ணீர் முழுவதையும் அவளே சுமக்கிறாள். நான் கேனைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள். நடுவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

ரேவதி போன பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்: "அதுக்கு முந்தி அவ கை நல்லாத்தானல இருந்துச்சு?"

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லா இல்லை, அக்கா. கேன் விழுவதற்கு மூன்று மாதம் முன்பே உன் இடது கை நல்லா இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான்.

அந்தப் பாட்டு கேமை உனக்குக் காட்டியது நான். திரையில் நான்கு தடங்கள். பாட்டின் தாளத்துக்கு மேலிருந்து கட்டைகள் இறங்கும். கீழே கோட்டைத் தொடும் நொடியில் தட்ட வேண்டும். இடப்பக்கத் தடங்கள் இரண்டும் இடது கட்டைவிரலுக்கு, மற்ற இரண்டும் வலதுக்கு. முதல் நாளே என்னை ஜெயித்தாய். கேமில் உன் பெயரைக் 'கலெக்டர்' என்று போட்டுக்கொண்டாய்.

பிறகு நீ சயான் நடைபாதையில் வயரில்லாத இயர்போன் வாங்கினாய். அன்று ஒரு கட்டைகூட ஒழுங்காக விழவில்லை. எல்லாம் லேட், லேட், லேட்.

"லே, எனக்கு என்னமோ ஆயிட்டு."

"ஒனக்கு ஒண்ணும் ஆகல. சத்தம் ஒன் காதுக்கு லேட்டா வருது. ஒன் கை சரி, மிஷின்தான் பிசகு."

செட்டிங்கில் போய் அந்தத் தாமதத்தை அளந்து ஒரு எண் கொடுத்தேன். அடுத்த பாட்டில் ஒன்றுகூடப் பிசகவில்லை. நீ என் தலையில் கொட்டினாய். "படிச்ச மூதிக்கும் ஒரு உபயோகம் இருக்கு." எம்.ஏ. படித்ததற்கு வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

உன் கை சரி, மிஷின்தான் பிசகு. அந்த வாக்கியத்தை உனக்குக் கொடுத்தவன் நான்.

மழை தொடங்கிய வாரம் மறுபடி லேட் வர ஆரம்பித்தது. நீ போனை என் மடியில் போட்டாய். "போன் மந்தமாயிட்டுல. சரி பண்ணு." இருபது மில்லிசெகண்ட் கூட்டினேன். அடுத்த ஞாயிறு முப்பத்தைந்து. அதற்கடுத்த ஞாயிறு ஐம்பது.

ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் ஒரு படம் வருமே. தடத்துக்குத் தடம் புள்ளிகள். சரியாகத் தட்டினால் பச்சை. தாமதமானால் சிவப்பு. உன் வலது தடங்கள் பச்சை. இடது தடங்கள் சிவப்பு.

சத்தம் தாமதமாக வந்தால் இரண்டு கைக்கும்தான் தாமதமாக வரும். ஒரு கைக்கு மட்டும் எப்படி?

இந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வராமல் இருந்திருந்தால் நான் வெறும் முட்டாள். வந்தது. சோதித்தும் பார்த்தேன்.

'மிரர்' என்று ஒரு செட்டிங். இடது தடத்தில் வருவதெல்லாம் வலதுக்குப் போகும், வலதில் வருவது இடதுக்கு. பாட்டுதான் இடப்பக்கம் கஷ்டம் என்றால், சிவப்பு வலதுக்கு மாற வேண்டும். மாறவில்லை. உன் இடது கையோடு தங்கிவிட்டது. திரையின் ஓரம் பழுது என்று நினைத்தேன். மேலே ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்துவிட்டு, நான் ஒரு பாட்டு ஆடினேன். என் இடது கைக்கு எல்லாம் பச்சை.

அதே போன், அதே பாட்டு. மாறியது கை ஒன்றுதான்.

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

"யக்கா, ஒனக்கு வயசாயிட்டு."

இருபத்தாறு வயது. நீ சிரித்துக்கொண்டே தலையணையை என்மேல் எறிந்தாய். வலது கையால். அதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய வேலை. இடதுக்குக் கொஞ்சம், வலதுக்குக் கொஞ்சம் நஷ்டம் வருகிற மாதிரி நடுவில் ஒரு எண் வைத்தேன். கட்டைகள் இறங்கும் வேகத்தைக் குறைத்தேன். தட்டும் இடத்தைப் பெரிதாக்கினேன். உன் மதிப்பெண் திரும்பி வந்தது. "கலெக்டர் வந்தாச்சு!" என்று கத்தினாய். தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து இரண்டு பேரையும் திட்டினாள். எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தாய். நானும் தின்றேன்.

அவ்வளவு நன்றாகச் சரி செய்திருந்தேன். உனக்கே எதுவும் தெரியவில்லை.

அந்த மாதம்தான் செம்பூர் கிளினிக்கில் உன் ரிசப்ஷன் கம்ப்யூட்டரைப் பற்றிப் புலம்பினாய். "ஏ எழுத்து விழ மாட்டேங்கு. எஸ்ஸும் விழ மாட்டேங்கு. டாக்டர்ட்ட புது கீபோர்டு கேட்டிருக்கேன்." இரண்டும் இடது ஓரத்து எழுத்துகள். நான் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினேன். புது கீபோர்டு வந்தது. அதுவும் சரியில்லை என்றாய்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா உன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கப் ஸே?" எப்போதிலிருந்து?

"தோ ஹஃப்தா" என்றாள் அம்மா. இரண்டு வாரம். டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். ஏன் பார்த்தாய், அக்கா? உனக்கும் தெரிந்துவிட்டதா? நான் சொல்லட்டும் என்றா, சொல்ல வேண்டாம் என்றா? பதினான்கு மாதமாக அந்தப் பார்வையை இரண்டு விதமாகவும் வாசித்துவிட்டேன்.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். நான் எடுக்கவில்லை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நான் பேசாமல் இருந்த இடத்தில் அம்மா தண்ணீர் கேனை வைத்துக்கொண்டாள். கை கெட்டுப்போனது அந்தக் காலையில்தான் என்று அவளுக்குத் தோன்றுவதற்குக் காரணம், அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் நான் சொல்லாமல் வைத்திருப்பதுதான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் மேலே உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கிறேன்.

இன்று மதியம் கேமைத் திறந்தேன். கலெக்டர் அப்படியே இருக்கிறாள். உன் எண்ணை மாற்றாமல் ஒரு பாட்டு ஆடிப்பார்த்தேன். முடியவில்லை. இரண்டு கையும் தடுமாறின. இதை வைத்துக்கொண்டா ஞாயிறு ஞாயிறாக ஆடினாய்? ஆடிவிட்டுச் சிரிக்கவும் செய்தாயே?

பழைய ஆட்டங்களின் பட்டியல் அழியவில்லை. தேதி வரிசையாக இருக்கிறது. முதலில் எல்லாம் பச்சை. பிறகு இடப்பக்கம் மட்டும் ஒரு சிவப்பு, இரண்டு, ஐந்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நிறம் போதும்.

அவள் மாட்டுங்காவில் சமையல் வேலை முடிந்து நான்கு மணிக்கு வருவாள். கேனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவளைக் கட்டிலில் உட்கார வைப்பேன். அந்தச் சிவப்பின் மேல் அவள் விரலை வைப்பேன். எம்மா, இது அக்காவோட இடது கை, கேன் விழுறதுக்கு மூணு மாசம் முந்தி என்று சொல்வேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கேட்பாள், எனக்குத் தெரியும்: "ஒனக்கு அப்பமே தெரியுமால?"

தெரியும் என்று சொல்வேன், அக்கா. போன் மேல் பழி போடமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசினாலும் பேசாவிட்டாலும், நாளைக் காலையிலிருந்து அந்தக் கேனை நான் தூக்குவேன்.

மணி மூன்றரை.

உன் கூடப்பிறந்த மூதி,
தம்பி