கல்லூரி இருக்கிறது என்று சான்று வேண்டி

அனுப்புநர்:
நா. கௌசல்யா, பி.எஸ்சி. (இயற்பியல்),
த/பெ நாச்சிமுத்து,
3/114, கிழக்குத் தெரு, வேலாயுதம்பட்டி,
வடமதுரை வழி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: நான் படித்த கல்லூரியை மறு ஆய்வு செய்து சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் செம்பருத்தி கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டுகள் படித்து, கடந்த ஏப்ரலில் தேர்வு எழுதி முடித்தேன். செம்பருத்தி மஹால் என்னும் திருமண மண்டபத்தின் மாடியில் கல்லூரி இயங்குகிறது. முகூர்த்த நாட்களில் விடுமுறை. ஒளியியல் சோதனைக்கு இருட்டறை தேவை என்பதால், பேராசிரியை ஜெஸ்ஸி அவர்கள் மணமகள் அறையின் சன்னல்களைப் போர்வையால் மூடிக் கற்பித்தார். அகில இந்திய நுழைவுத் தேர்வில் நான் 41-ஆவது இடம் பெற்றேன்.

2. முதுநிலைப் படிப்புக்காக வடமாநிலத்தின் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்று என்னை நேர்காணலுக்கு அழைத்தது. என் கல்லூரியின் பெயரை ஐந்து பேராசிரியர்களும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒருவர் கைப்பேசி வரைபடத்தில் தேடினார். "ஏசி வசதி, அறுநூறு பேர் அமரலாம்" என்று வாசித்துக் காட்டினார். அடுத்த இருபது நிமிடம் மண்டபத்தைப் பற்றியே கேட்டார்கள். இயற்பியலில் மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன்.

3. என்னுடன் பன்னிரண்டாம் வகுப்பு படித்த நாகல் நகர் முகேஷ்குமார், சென்னையில் பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர். தேர்வில் 212-ஆவது இடம். அதே நேர்காணலில் அவரிடம் அவரது கல்லூரி முதல்வரின் நலம் விசாரித்து, ஓரிரு கணக்குகள் மட்டும் கேட்டுவிட்டு, உடனே இடம் கொடுத்துவிட்டார்கள். "அவங்க கேட்டது பூரா நீ சொல்லிக்குடுத்த கணக்குதான் கௌசி" என்று அவரே போனில் வருத்தப்பட்டார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

4. கல்லூரி இருப்பதற்கு அரசுச் சான்று தந்தால் எனக்கும் இடம் உண்டு என நிறுவனம் எழுதியது. தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். இம்மாதம் 6-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். அன்று முகூர்த்தம். பெண்வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு உறவினர் என நினைத்துப் பந்தியில் அமர்த்திவிட்டார்கள்.

5. பேராசிரியை ஓடிப்போய், "சார், மேல வாங்க, லேப் இருக்கு" என்றார். அலுவலர், "செத்த நேரம் பொறுங்கம்மா, பாயாசம் வருது" என்றார். பிறகு தாம்பூலப் பையுடன் புறப்பட்டுவிட்டார். "மேற்படி இடத்தில் திருமணம் நடைபெற்றது. ஏற்பாடுகள் திருப்திகரம். கல்லூரி காணப்படவில்லை" என்பது அவரது அறிக்கை. அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மணமகள் அறையில் எங்கள் ஆய்வகக் கருவியான நிறமாலைமானியின்மீது யாரோ மாலையைக் கழற்றி வைத்திருந்ததை அவர் காணவில்லை.

6. சான்று அனுப்ப இம்மாதம் 27-ஆம் தேதி கடைசி நாள். எனவே, 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மறு ஆய்வுக்கு உத்தரவிடப் பணிவுடன் வேண்டுகிறேன். செவ்வாயன்று எங்கள் பக்கம் யாரும் திருமணம் வைப்பதில்லை. மாடிப்படி கட்டடத்தின் பின்பக்கம் உள்ளது.

7. அதன் பிறகும் அங்கே கல்லூரி இல்லை என்றே அரசு முடிவு செய்யுமானால், மூன்றாண்டுகளாகத் தினமும் காலை ஆறரைக்கு இரண்டு பேருந்து மாறி நான் எங்கே போய் வந்தேன் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். என் தாயார் மாயக்காள் கேட்கிறார்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
நா. கௌசல்யா