களையெடுக்காத மேய்ச்சல் நிலம்

டிப்பரரி, ஜூலை

என் கண்ணுக்கு,

இந்த வருஷம் மேய்ச்சல் நிலத்தில் அந்த மஞ்சள் பூச்செடியை நான் பிடுங்கவில்லை. டெல்லா தின்றால் ஈரல் போய்விடும், குதிரைக்கு அது விஷம் என்று, கையுறை மாட்டிக்கொண்டு நீயும் நானும் வேரோடு பிடுங்குவோமே, அதேதான். இடுப்புயரம் வளர்ந்துவிட்டது.

பட்டப்பகலில் அதன்மேல் சிவப்பும் கறுப்புமாய் அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. அவற்றின் புழுக்களுக்கு உடம்பெல்லாம் மஞ்சள், கறுப்புப் பட்டை. செடியின் விஷத்தைத் தின்றே வளர்வதால் எந்தப் பறவையும் அவற்றைச் சீண்டுவதில்லை.

பக்கத்து நிலத்து மாலக்கி வேலியோரம் நின்று கத்தினான். "யோவ், அந்தப் புழுவப் பாரு, ஹர்லிங் மேட்ச்ல நம்மள அடிக்கிற கில்கென்னி டீம்காரனுங்க சட்டைய்யா அது! அவனுங்களுக்கா சோறு போடுற? விதை என் பக்கம் பறந்து வரட்டும், அப்புறம் தெரியும் சேதி!"

"புழு தின்னு முடிச்சிடும்யா, விடு" என்றேன்.

டெல்லாவுக்காக எப்போதும் பூட்டியிருக்கும் கேட் திறந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"சரி... மெதுவாவே தின்னட்டும்" என்றான்.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நிலத்தில் வேலையும் குறைந்துவிட்டது. ஆகஸ்டில் கட்டாயம் வா. வழக்கம்போல டெல்லாவுக்கென்று ஆப்பிள் மட்டும் வாங்கி வராதே.

அன்புடன்,
அப்பா