யாரைக் கேட்பது என்று சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய அண்ணா,

இத்தனை நாள் நான் கடிதம் எழுதாமல் இருந்தது போதும். முழங்கால் வலி தேவலையா?

உங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கப்போவதாக அண்ணி சொன்னார். பட்டம் வாங்கிய நானும் இந்த வயதில் இங்கே ஃபிரிட்ஜ் பட்டறையில் பயிற்சியாள்தான். நேற்று மேஸ்திரி கதவைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். முதலாளி வந்து, "யாருய்யா கழட்டச் சொன்னது? மாட்டு" என்றார். மாட்டினேன். திரும்பி வந்த மேஸ்திரி, "என்ன வாத்தியாரே, கதவுக்குப் பாடம் நடத்துறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யார் பேச்சைக் கேட்பது என்று இன்னும் புரியவில்லை.

உங்கள் பட்டறையில் நான் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அப்பா வேறொன்று சொல்வார். கடைசியில் எனக்கு வேலை வராது என்று அனுப்பிவிட்டீர்கள். வருபவருக்காவது யாரைக் கேட்பது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அங்கே விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். வேலையில் திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லை.

கீழே தம்பி என்று எழுதுவதா, நீங்கள் விரட்டிய வேலையாள் என்று எழுதுவதா? குழப்பமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.