கறுத்த திரை

அன்பு மனைவிக்கு,

இங்கே நான் சுகம். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். உன் கழுத்துக் கட்டி எப்படி இருக்கிறது? வெறும் நெறிக்கட்டிதான் என்று இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடுவாய்?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் கண்காட்சிக் கூடத்தில், வருபவர்களின் குரலைக் கேட்டுக் கணினியே திரையில் ஒளிச்சக்கரம் வரைந்து, மந்திரம் போல இசைக்கும். நிரல் நான் எழுதியது. சுவரில் இருப்பதோ மேலாளரின் பெயர். நிறங்கள் வெறும் குலுக்கலில் வருபவை. சனங்களோ அதனிடம் குறி கேட்கிறார்கள்.

"சார், இது தாயம் உருட்டுற மாதிரிதான்னு ஒரு பலகை வைப்போமா?" என்றேன்.

"கூட்டம் வருதுல்ல? வாயைத் திறக்காதீங்க" என்றார் மேலாளர்.

நேற்று ஆளில்லாதபோது, விளையாட்டாக உன் பெயரைச் சொன்னேன். இசை நின்று, திரை கறுத்துவிட்டது. கறுப்பு அபூர்வமாகத்தான் வரும், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மறுபடி சொன்னேன். மறுபடியும் கறுப்பு.

குலுக்கலுக்கு உன்னைத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் போ. முடிந்ததும் போன் செய், வேலையில் இருந்தாலும் எடுப்பேன். தனியாகப் போகாதே, உன் அண்ணனைக் கூப்பிடு. நம் கல்யாணப் பந்தியில், கணினியில் படம் வரையவைக்கும் என் வேலையை வைத்து என்னை 'பொம்மை போடுறவர்' என்று அவர் கேலி செய்ததை நான் மறக்கவில்லை. "மாப்பிள்ளை தன் பொம்மைக்கே பயந்துட்டாரா?" என்று இப்போதும் சிரிப்பார்.

ஆமாம் என்று சொல்லிவிடு.

அவசரமாக,
உன் கணவன்