சந்தனம் வைத்த சக்கரம்

புரட்டாசி. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், இரவு.

பேத்தி செல்வி சாயந்தரமே பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள். நாளைக்குப் போவதாகத்தான் இருந்தது.

தப்பு என்னுடையது. நேற்று அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஸ்கேட்டிங் போர்டைக் குழாயடியில் கழுவி, நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள் மண்வெட்டியோடு சேர்த்துப் பூஜையில் வைத்தேன். சிமெண்டுக் குழிக்குள் அதில் ஏறி இறங்கிப் பறந்துதானே அவள் போட்டியில் ஜெயிக்கிறாள். அவளுக்குச் சோறு போடுவது அதுதானே.

இன்று காலையில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். கரகரவென்றது.

"தண்ணி ஊத்துனியா அப்பத்தா?"

"ஆமா. டிராக்டரக் கழுவித்தான பொட்டு வைக்கிறோம்?"

"உள்ள பேரிங் போச்சு. சனிக்கிழம போட்டி. இதுல ஜெயிச்சாத்தான் வெளிநாட்டுக்கு எடுப்பாக. இந்த பேரிங் இங்க கிடைக்காது, இன்னைக்கே போறேன்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முதன்முதலில் அவள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, "இனி இவள எவன் கட்டுவான்" என்று என் கொழுந்தன் காதுகுத்துப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னான். ஒன்பது வருஷமாக அவன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவன் கண் படக்கூடாது என்றுதான் சந்தனம் வைத்தேன்.

இப்போது யார் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது? ஊற்றியது என் கை.

அவள் எழுமுன், விடியற்காலையில், நாளைக்கு இரண்டு பேருக்கென்று ஆட்டிய தோசை மாவு இப்போதே பொங்கி மூடியைத் தூக்குகிறது.